ஆனா கேட்ட கேள்வி: ஒரு ஸ்பானியப் படமும் சோனகத்தெருச் சிறுவர்களும்

ஸ்பெயின் நாட்டின் நடுமேட்டு நிலத்தில் ஒரு சிற்றூர். மரமில்லாத வயல்வெளி, காரை பெயர்ந்த சுவர்கள், சேறு படிந்த தெரு. ஒரு பழைய லொறி ஊருக்குள் வருகின்றது. சினிமா வந்துவிட்டது என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் அதனைச் சூழ்ந்து ஓடுகிறார்கள். ஊர்ச்சபைக் கட்டடத்தின் வெறும் மண்டபத்தில் திரை கட்டப்படுகின்றது. கிழவிகளும் சிறுவர்களும் தத்தம் வீட்டுக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்து இருக்கிறார்கள். காலம் 1940. உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருக்கின்றது. வென்றவர் ஜெனரல் பிராங்கோ.

அன்று திரையில் ஓடியது 1931இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் வேல் எடுத்த ‘பிராங்கன்ஸ்டைன்’. ஆனா என்ற ஆறு வயதுச் சிறுமி தன் அக்கா இஸபெலுக்குப் பக்கத்தில் இருந்து அதனைப் பார்க்கிறாள். நீர்க்கரையில் பூக்களைப் பிய்த்து எறிந்து விளையாடும் குழந்தையோடு அந்தப் பூதமும் விளையாடுகின்றது. பிறகு பார்த்தால், குழந்தையின் உடலைத் தகப்பன் கைகளில் ஏந்தி ஊருக்குள் நடந்து வருகிறான். இடையில் நடந்தது காட்டப்படுவதில்லை. ஆனா அக்காவின் காதுக்குள் கேட்கிறாள்: அது ஏன் அவளைக் கொன்றது? பிறகு அதை ஏன் கொன்றார்கள்? பிறகு சொல்கிறேன் என்கிறாள் அக்கா.

1973இல் விக்தோர் எரிசே நெறியாள்கை செய்த ‘தேன்கூட்டின் ஆவி’ என்ற படம் இந்த ஒரு கேள்வியிலிருந்தே விரிகின்றது. ஆனா என்பது அந்தப் பிள்ளையின் பெயர் மட்டும்தான் என்றாலும், தமிழ் படிப்பவனுக்கு ‘ஆனா, ஆவன்னா’ என்று அரிச்சுவடியில் முதன்முதல் வாயில் வந்த ஒலியும் அதுவாக இருப்பதை நினைக்காமல் பார்க்க முடியவில்லை. எழுத்துக்கு முன்னால் நிற்கும் பிள்ளையைப் போலத்தான் அவள் உலகத்துக்கு முன்னால் நிற்கிறாள்.

ஸ்பெயின் என்றதும் நமது இலக்கிய வட்டங்களில் முதலில் நினைவுக்கு வருவது வேறொரு ஸ்பெயின். கொர்டோபாப் பள்ளிவாசல், அல்ஹம்ரா மாளிகை, 1933இல் அங்கு போய்வந்து அல்லாமா இக்பால் பாடிய கவிதை. மீலாத் விழாக்களில் இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1492இல் கிரனாடா வீழ்ந்ததோடு நமது ஸ்பெயின் முடிந்துவிடுகின்றது. அதற்குப் பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. கட்டாயமாக மதம் மாற்றப்பட்டும் அந்த மண்ணைவிட்டுப் போகாமல் இருந்த மொரிஸ்கோக்களை 1609இல் மூன்றாம் பிலிப் மன்னன் நாட்டைவிட்டு வெளியேறும்படி கட்டளையிட்டான். வலென்சியாவில் அறிவிக்கப்பட்ட தவணை மூன்று நாள். கையில் சுமக்கக்கூடியதை மட்டும் எடுத்துச் செல்லலாம். 1614 வரையில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். சில இடங்களில் சிறு பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து நிறுத்திக்கொண்டார்கள், கிறிஸ்தவர்களாக வளர்ப்பதற்கு.

அந்த மக்களுக்கு ஐபீரிய நாட்டார் வைத்த பெயரைப் போர்த்துக்கேயர் கப்பலில் கொண்டுவந்து இலங்கையில் கண்ட முஸ்லிம்களுக்கும் சூட்டினார்கள். மூரோ என்றது ஆங்கிலத்தில் மூர் ஆயிற்று. யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவை ஆங்கிலத்தில் மூர் வீதி என்று எழுதுவது அவ்வழி வந்தது. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 1936இல் பிராங்கோ தன் சொந்த நாட்டு மக்களுக்கு எதிராகப் போர் தொடுத்தபோது மொரோக்கோவிலிருந்து பல்லாயிரம் முஸ்லிம் சிப்பாய்களைக் கொண்டுவந்து முன்னணியில் நிறுத்தினார். வறுமைக்குச் சம்பளம் வாங்கப் போனவர்கள் அவர்கள். எந்த வரலாற்றிலும் நாம் எப்போதும் ஒரே பக்கத்தில் நின்றதில்லை.

எரிசேயின் படத்துக்கு வருகிறேன். அதில் பிராங்கோவின் பெயர் அடிபடுவதாக எனக்கு நினைவில்லை. போர் பற்றிய பேச்சும் மிகக் குறைவு. தகப்பன் பெர்னாண்டோ தேனீ வளர்க்கிறார். இரவெல்லாம் விழித்திருந்து, தேனீக்களின் ஓயாத, இலக்கற்ற உழைப்பைப் பற்றிக் குறிப்பெழுதி, எழுதியதை வெட்டுகிறார். தாய் தெரேசா எங்கோ இருக்கும் ஒருவருக்குக் கடிதம் எழுதி, சைக்கிளில் போய்ப் புகையிரதத்தில் போட்டுவிட்டு வருகிறாள். இருவரும் ஒரே சட்டகத்தில் சேர்ந்து நிற்பதைக் காண்பது அரிது. யன்னல் கண்ணாடிகள் தேன் நிறத்தில், அறுகோணக் கட்டங்களாக இருக்கின்றன. வீடே ஒரு கூடு. ஒளிப்பதிவு செய்த லூயிஸ் குவாத்ராதோ அப்போது பார்வையை இழந்துகொண்டிருந்தவர் என்று அறிந்த பிறகு அந்த மஞ்சள் வெளிச்சத்தை வேறு விதமாகத்தான் பார்க்க வேண்டியிருக்கின்றது.

இரவில் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆனா திரும்பவும் கேட்கிறாள். சினிமாவில் எல்லாம் பொய், அது சாகவில்லை, அது ஓர் ஆவி, கண்ணை மூடிக்கொண்டு நான்தான் ஆனா என்று கூப்பிட்டால் வரும் என்று அக்கா அளக்கிறாள். பிள்ளை அதனை நம்பிவிடுகின்றது. வயலுக்கு அப்பால் கிணற்றோடு கூடிய ஒரு பாழ் கொட்டிலில் ஆவியைத் தேடிப் போகிறாள். ஒரு நாள் அங்கே உண்மையாகவே ஒருவன் இருக்கிறான். ஓடும் புகையிரதத்திலிருந்து குதித்துக் காலில் காயப்பட்டவன். யார் என்று படம் சொல்லவில்லை. 1973இல் அதனைப் பார்த்த ஸ்பானியர்களுக்குச் சொல்லவும் தேவையிருக்கவில்லை. ஆனா அவனுக்கு அப்பிள் பழம் கொடுக்கிறாள், வாப்பாவின் மேலங்கியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். மேலங்கிப் பையில் இசை எழுப்பும் கடிகாரம் இருக்கிறது. அன்றிரவு தூரத்திலிருந்து பார்க்கும் நமக்குக் கொட்டிலில் துப்பாக்கி வெளிச்சம் மின்னுவது மட்டும் தெரிகின்றது. மறுநாள் அவனுடைய உடலை எங்கே கிடத்துகிறார்கள் தெரியுமா? சினிமாத் திரை கட்டிய அதே மண்டபத்தில்.

காலைச் சாப்பாட்டு மேசையில் தகப்பன் ஒன்றும் கேட்பதில்லை. திரும்பி வந்த கடிகாரத்தை எடுத்துத் திறக்கிறார். இசை எழும்புகின்றது. ஆனாவின் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றது. தகப்பனுக்கும் விளங்கிவிடுகின்றது. ஆயினும் பேச்சில்லை. பிறகு ஆனா காணாமற்போய், தேடிப்பிடிக்கப்பட்டு, உண்ணாமல் பேசாமல் கிடக்கையில், பிள்ளைதானே, மெல்லமெல்ல மறந்துவிடுவாள் என்று டொக்டர் தாயைத் தேற்றுகிறார். சர்வாதிகாரம் பெரியவர்களிடம் எதிர்பார்ப்பதும் அதுவே. மறப்பார்கள் என்ற நம்பிக்கை. படம் அந்த டொக்டரை வில்லனாக்கவில்லை. நல்லவர், களைத்தவர், அன்போடு சொல்கிறார்.

தணிக்கைக்காரர்கள் கைவைக்க இதில் ஒரு வசனமும் அகப்படவில்லை என்றுதான் சொல்லவேண்டும். அதே ஆண்டு சான் செபஸ்தியான் விழாவில் உயர்ந்த பரிசான தங்கச் சிப்பி இப்படத்துக்குக் கிடைத்தது. பிராங்கோ இறந்தது 1975 நவம்பரில்.

ஆனாவாக நடித்த பிள்ளையின் பெயரும் ஆனாதான், ஆனா தொரெண்ட். படப்பிடிப்பில் தன்னை ஏன் வேறு பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று அவள் குழம்பியதால் பாத்திரங்களுக்கெல்லாம் நடிகர்களின் பெயரையே வைத்துவிட்டார் எரிசே. பிராங்கன்ஸ்டைனைப் பார்க்கும்போது அவள் காட்டும் முகம் நடிப்பல்ல; அன்றுதான் முதன்முதல் பார்க்கிறாள். ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதை, பார்த்து விளங்காமல் இருப்பதை, ஒரு நாட்டின் வரலாற்றுப் பதிவாக ஏற்றுக்கொள்ளலாம் என்று அந்தப் படம் எனக்குக் காட்டிற்று. அதனால்தான் யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. 1990இல் நமக்கு அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

யாழ்ப்பாண முஸ்லிம்கள் அந்த மண்ணுக்கு வந்த விருந்தாளிகள் அல்லர். வைபவமாலையிலேயே அவர்களைப் பற்றிய கதை வருகின்றது. நல்லூர்ப் பக்கம் குடியிருந்த சோனகரின் கிணறுகளில் பன்றி இறைச்சியைப் போட்டு அவர்களை அவ்விடம் விட்டுக் கிளப்பியதாகச் சொல்லும் கதை. நடந்ததோ இல்லையோ, அதனைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவைக்கும் அளவுக்கு ஒரு நினைவு இருந்திருக்கின்றது. பிற்காலத்தில் சோனகத்தெரு, ஒட்டுமடம் என்று நகரின் மேற்குப் புறத்தில் நெருங்கி வாழ்ந்தார்கள். தையல், இரும்புச் சாமான், நகை, லொறிப் போக்குவரத்து, இறைச்சிக்கடை. 1981 குடிசன மதிப்பின்போது மாவட்டத்தில் பதினைந்தாயிரம் பேர் அளவில் இருந்தனர். பேசிய தமிழ் யாழ்ப்பாணத் தமிழ். ஒஸ்மானியாக் கல்லூரி, கதீஜா மகளிர் கல்லூரி என்று தங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலைகளை ஆக்கிக்கொண்டனர்.

அதற்கு முந்திய தலைமுறைப் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிகளுக்குத்தான் போனார்கள். அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் படித்துத்தான் இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் ஆனார். பிறகு கொழும்பு ஸாஹிராவின் அதிபர் ஆனார். இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலையில் தேவாரம் காதில் விழ வளர்ந்த பிள்ளை இலங்கை முஸ்லிம்களின் கல்விக்குத் தந்தை போலானது அந்த மண்ணில் இயல்பாக நடந்தது. அவர் காலமானது 1973 நவம்பரில். எரிசேயின் படம் வந்த அதே ஆண்டு. பதினேழு வருடம் கழிய என்ன நடக்கும் என்று அன்று எவர் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்கமாட்டார்.

1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியது. ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மீண்டும் மூண்டது. செப்டெம்பர் இறுதியில் இராணுவம் கோட்டையைக் கைவிட, யாழ்ப்பாண நகரம் முழுதும் புலிகளின் கையில் வந்தது. வானத்திலிருந்து அரசு குண்டு போட்டது. தரையில் புலிகளின் சொல் மட்டும் செல்லுபடியானது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, ‘முறிந்த பனை’யை எழுதியோரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மாற்றுக் கருத்துக்கு என்ன கூலி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கிழக்கில் அந்த ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். முஸ்லிம் ஊர்காவல் படையினர் சம்பந்தப்பட்ட தமிழர் கொலைகளும் அதே மாதங்களில் அங்கே நடந்தன. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இதில் எதிலும் பங்கில்லை. ஒக்டோபர் 15ஆம் திகதி சாவகச்சேரியில் இருந்த முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதனைத் தொடர்ந்து மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி. கடைசியில் யாழ்ப்பாண நகரம்.

ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. முற்பகலில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் சோனகத்தெருவுக்குள் வந்தன. வீட்டுக்கு ஒருவர் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே கூடியவர்களிடம் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறிவிட வேண்டும் என்று சொல்லப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. கேட்டவர்களுக்கு வானத்தை நோக்கிச் சுட்ட வெடிச்சத்தம்தான் பதிலாகக் கிடைத்தது.

அந்தத் தினத்தின் பதிவுகளைப் படிக்கும்போதெல்லாம் நான் நிற்கும் இடம் ஐந்து சந்தி. எடுத்துக் கட்டியவற்றோடு வந்தவர்களை அங்கே வரிசையில் நிறுத்தி, ஆண்களை ஒரு புறமும் பெண்களை ஒரு புறமுமாகச் சோதித்தார்கள். காசு, நகை, காணி உறுதிகள், கைக்கடிகாரங்கள் பறிக்கப்பட்டன. மாற்றுடுப்பும் கையில் சிறிது பணமும் மட்டும் விடப்பட்டன. குழந்தைகளின் காதுத் தோடும் தப்பவில்லை. சோதித்தவர்களில் சிலர் அதே ஊர்ப் பிள்ளைகள், பதின்வயதினர். முன்பு தெருவில் கண்ட முகங்கள்.

இங்கே ஒரு ஆறு வயதுப் பிள்ளையை நிறுத்திப் பாருங்கள். அவளுக்கு ஈழமும் தெரியாது, உளவும் தெரியாது. வாப்பாவின் கையிலிருந்து கடிகாரம் கழற்றப்படுகின்றது. வாப்பா எதுவும் பேசவில்லை. உம்மாவின் கழுத்து வெறுமையாகின்றது. உம்மாவும் பேசவில்லை. துவக்கு வைத்திருக்கும் அண்ணன் பக்கத்துத் தெருவிலிருந்தவன். வீட்டுக் கதவைப் பூட்டித் திறப்பை யாரிடமோ கொடுக்கச் சொல்கிறார்கள். அவள் ஏன் என்று கேட்டிருப்பாள். எந்த வாப்பாவிடம் பதில் இருந்திருக்கும்? பிறகு சொல்கிறேன் என்பதைத் தவிர.

லொறிகளிலும் வான்களிலும் ஏறியும் நடந்தும் வவுனியா சேர்ந்து, அங்கிருந்து புத்தளம், கற்பிட்டி, அனுராதபுரம், நீர்கொழும்பு என்று சிதறினார்கள். ஐந்து மாவட்டங்களிலுமாக வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ எழுபத்தையாயிரம். புத்தளத்தில் பாடசாலைக் கட்டடங்கள், பிறகு தென்னந்தோட்டங்களுக்குள் கிடுகுக் குடிசைகள். பிள்ளைகள் வகுப்பில் ‘அகதிப் பிள்ளை’ ஆனார்கள். யாழ்ப்பாணத் தமிழ் பேசியதற்கு அங்கே கேலி வேறு.

எரிசேயின் படம் வேறொரு பிள்ளையையும் நினைக்கவைக்கின்றது. அவளைப் பற்றி நமது பக்கங்களில் அதிகம் எழுதப்படவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ப் பிள்ளை. வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்தவள் அடுத்த நாள் வரவில்லை. ஒரு தெருவே காலியாகிவிட்டது. அந்தப் பிள்ளையும் வீட்டில் ஏன் என்று கேட்டிருக்கும். அந்த வீட்டுப் பெரியவர்களும் பெர்னாண்டோவைப் போல வாய் திறந்திருக்கமாட்டார்கள். மன்னாரில் தமிழர்களிலும் குருமாரிலும் சிலர் புலிகளிடம் சென்று மன்றாடியது பதிவாகியுள்ளது. யாழ்ப்பாணத்தில் கண்ணீர் விட்டவர்கள் உண்டு, கையில் சாப்பாட்டுப் பொதி திணித்தவர்கள் உண்டு. மறுநாள் ஏலத்தில் சாமான் வாங்கியவர்களும் உண்டு. பகிரங்கமாக மறுத்துப் பேசியோர் வெகு சிலர். நடந்ததை 1991 தொடக்கத்திலேயே அச்சில் பதிந்தவர்கள், மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பினர். அவர்கள் அதற்காகத் தலைமறைவாகவே இயங்கவேண்டியிருந்தது.

அந்த மௌனத்தை உடந்தை என்று நம்மில் பலர் எழுதியிருக்கிறோம். நானும் நினைத்திருக்கிறேன். இன்று அவ்வளவு இலகுவாகச் சொல்ல வரவில்லை. 1990க்கும் 1995க்கும் இடையில் அங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளின் வாழ்வைப் பாருங்கள். மின்சாரமில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. அரசின் தடையால் மண்ணெண்ணெய்க்கும் பற்றிக்கும் தட்டுப்பாடு. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். பாடசாலை வளவில் பதுங்குகுழி. குடாநாட்டைவிட்டு வெளியேறப் புலிகளிடம் ‘பாஸ்’ எடுக்கவேண்டும், பிணை நிற்க ஆள் வைக்கவேண்டும். கிளாலிக் கடலை இருட்டில் தாண்டவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இயக்கத்துக்கு எடுக்கப்பட்டார்கள். பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த கவிஞர் செல்வி 1991 ஓகஸ்டில் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வரவேயில்லை. அந்த வீடுகளில் பிள்ளைக்கு முன்னால் பேசுவதற்குப் பெரியவர்கள் அஞ்சினார்கள். பிள்ளை வெளியில் போய்ச் சொல்லிவிடும் என்ற அச்சம். அச்சம் இருந்ததால் பொறுப்பு இல்லாமற் போய்விடாது. ஆனால் அச்சத்தைக் கணக்கில் எடுக்காமல் அந்த மௌனத்தை விளங்கிக்கொள்ளவும் முடியாது.

பிறகு அதே திகதி திரும்பி வந்தது. 1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் மக்கள் உடனே வெளியேற வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை. செம்மணி வழியால், நாவற்குழிப் பாலத்தால், இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் நகர்ந்தார்கள். சரியாக ஐந்து வருடம். இந்தப் பொருத்தத்தை நம்மவர் சிலர் அல்லாஹ்வின் கணக்கு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. அன்று சேற்றில் நடந்த ஆறு வயதுப் பிள்ளைகள் எந்தக் கணக்குக்கும் உரியவர்களல்லர்.

ஜேர்மன், ஸ்பானிய, ஈரானியச் சினிமாக்காரர் செய்ததை நம்மவர் யாரும் செய்யவில்லையா? யாழ்ப்பாணத்தைத் தீவிரமாகத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் சிங்கள நெறியாளர்களே என்பது கொஞ்சம் வெட்கத்துக்குரிய உண்மை. தர்மசேன பத்திராஜ 1977இல் ‘பொன்மணி’யை எடுத்தார். அசோக ஹந்தகம 2012இல் ‘இனி அவன்’ எடுத்தார். புலிகளின் நிதர்சனம் எடுத்தவை பிரசாரம். அவற்றில் பிள்ளைகள் வந்தால் வீரராக வந்தார்கள் அல்லது பலியாக வந்தார்கள். ஏன் என்று கேட்கும் பிள்ளை வந்ததாக நான் காணவில்லை.

வடபுல முஸ்லிம் வெளியேற்றத்தை ஒரு பிள்ளையின் பக்கத்தில் நின்று காட்டிய திரைப்படம் என் அறிவுக்கு எட்டிய வரையில் ஒன்றுதான். பிரசன்ன விதானகே 2003இல் எடுத்த ‘இர மதியம’. அதில் மூன்று கதைகள் ஒன்றோடொன்று ஊடறுத்து ஓடுகின்றன. ஒன்று, காணாமற்போன விமானப்படைக் கணவனைத் தேடும் பெண்ணுடையது. மற்றொன்று விடுமுறையில் வந்த சிப்பாயுடையது. மூன்றாவது, அர்பாத் என்ற பதினொரு வயது முஸ்லிம் பையனுடையது. ஊரையே வெளியேறச் சொல்லிவிட்டார்கள். அவனுக்குத் தன் நாயை விட்டுப் போக மனமில்லை.

இந்த நாய் விஷயத்தில் நம் ஆட்களிடம் ஒரு முணுமுணுப்பு எழுவது இயல்பு. ஷாஃபி மத்ஹபில் வளர்ந்த வீட்டில், நாயின் வாய் பட்டால் ஏழு தடவை கழுவச் சொல்லும் வீட்டில், பையன் நாய் வளர்ப்பானா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அது உறுத்தியது. ஆனால் வீட்டுக்கு வெளியே, தெருவோரத்தில், உம்மாவுக்குத் தெரியாமல் நாய்க்குச் சோறு வைத்த பையன்கள் நம் ஊர்களில் இல்லையென்று யார் சத்தியம் செய்வார்? பெரியவர்கள் காணி உறுதியைப் பற்றிக் கவலைப்படும்போது பிள்ளை வேறொன்றைப் பற்றிக் கவலைப்படுகின்றது. எந்த நட்டஈட்டுப் படிவத்திலும் அதற்கு நிரல் இல்லை. விதானகே அதனைச் சரியாகப் பிடித்திருக்கிறார். எரிசேயின் ஆழம் அதில் இல்லை. மூன்று கதைகளுக்கிடையே அர்பாத்துக்குக் கிடைத்த நேரம் போதாது. இருந்தும், அந்தப் பையனைத் திரையில் கண்டபோது, நாம் எழுதத் தவறியதை வேறொருவர் செய்துவிட்டார் என்று மனம் கூசியது.

நாம் ஒன்றும் எழுதவில்லை என்று சொல்லவரவில்லை. எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் இழந்த வீடுகளையும் காணிகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். 2018இல் காலமாகும் வரை அதே பணிதான். குடிமக்கள் ஆணைக்குழுவொன்றின் அறிக்கை 2011இல் வந்தது. கவிதைகள் உண்டு, சிறுகதைகள் உண்டு. ஆனால் அவற்றில் பேசுவது பெரும்பாலும் வளர்ந்தவர்களின் குரல், வழக்கு வாதாடும் குரல். எங்களிடம் இவ்வளவு இருந்தது, இவ்வளவு பறிக்கப்பட்டது, நாம் துரோகம் செய்யவில்லை. வழக்கு நியாயமானது, வாதாடத்தான் வேண்டும். ஆனால் வழக்குக்கு உதவாதவற்றை அந்தக் குரல் மறந்துவிடுகின்றது. சோதனை வரிசையில் நின்ற பிள்ளைக்கு எதிரில் துவக்குடன் நின்றவனும் பிள்ளைதான் என்பதை, வாப்பா அழுதாரா என்பதை, பேசவில்லையே என்று வாப்பா மீது வந்த கோபத்தை.

எரிசேயின் படத்தில் ஒரு வகுப்பறைக் காட்சி வரும். மரத்தில் செய்த மனித உருவொன்று, தொன் ஹோசே என்று பெயர். ஆசிரியை பிள்ளைகளைக் கூப்பிட்டு இதயம், நுரையீரல், வயிறு என்று ஒவ்வொன்றாகப் பொருத்தச் சொல்கிறார். இன்னும் ஏதோ குறைகின்றது. ஆனா எழுந்து வந்து கண்களைப் பொருத்துகிறாள். நமது வெளியேற்ற வரலாற்றில் எல்லா உறுப்பும் உண்டு. திகதி, தொகை, ஊர்ப்பெயர், ஒப்பந்தம்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றம் தவறு என்று ஒப்புக்கொண்டார். முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்றார். அவர் சொன்னதில் மன்னிப்பு இருந்தது, காரணம் இருக்கவில்லை. மூன்று நாட்களின் பின் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். உளவுச் சந்தேகம் என்று ஒருவர் சொன்னார், கிழக்கிலிருந்து வந்த அழுத்தம் என்று இன்னொருவர், முஸ்லிம்களின் பாதுகாப்புக்காகத்தான் என்றுகூட ஒரு விளக்கம் வந்தது. 2009இல் கட்டளையிட்டவர்கள் மடிந்தார்கள். முழுப் பதிலும் அவர்களோடு போயிற்று. பிராங்கோவின் ஸ்பெயினிலும் 1977இல் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டு எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். புதைகுழிகளைத் தோண்ட அவர்களுக்கு ஒரு தலைமுறை எடுத்தது. 2007இல் ஒரு சட்டம், 2022இல் இன்னொரு சட்டம். நமது நாட்டில் தோண்டப்படும் குழிகளின் கதை தெரிந்ததே.

போருக்குப் பிறகு சோனகத்தெருவுக்குத் திரும்பிப் போனவர்கள் கண்டது கூரையும் கதவும் யன்னலும் கழற்றப்பட்ட சுவர்கள். அறைகளுக்குள் மரம் முளைத்திருந்தது. சிலர் திருத்திக்கொண்டு குடியேறினார்கள். பலர் பதிந்துவிட்டுப் புத்தளத்துக்கே திரும்பினார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் மூத்தும்மாவின் கதை. அந்தக் கதையையும் மூத்தும்மாமார் முழுதாகச் சொல்வதில்லை. தெருவின் பெயர், பள்ளிவாசல், நோன்புக் கஞ்சி, பெருநாள் வரை வந்து, ஐந்து சந்தியில் நின்றுவிடுகின்றது.

எரிசே அரை நூற்றாண்டில் எடுத்த முழுநீளப் படங்கள் நான்கு மட்டும். நான்காவது ‘உன் கண்களை மூடு’, 2023இல் வந்தது. படப்பிடிப்பின் நடுவில் காணாமற்போன ஒரு நடிகன், பல வருடம் கழித்துக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லமொன்றில் நினைவிழந்தவனாகக் கண்டுபிடிக்கப்படுகிறான். அவனுடைய மகள் அவனைப் பார்க்க வருகிறாள். மகளாக நடிப்பவர் அதே ஆனா தொரெண்ட். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1990இல் ஐந்து சந்தியில் ஆறு வயதாக நின்ற பிள்ளைக்கு அந்தப் படம் வந்தபோது முப்பத்தொன்பது.

தகப்பன் அவளை யாரென்று அறியாமல் பார்க்கிறான். அவள் அவனுக்கு முன்னால் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, நான் ஆனா என்கிறாள்.